இராயப்பர் ஊரில் ஓர் எக்லேசியா

நான்கு நற்செய்தி நூல்களில் மத்தேயுவில் மட்டுமே ‘எக்லேசியா’ என்ற கிரேக்கச் சொல் வருகிறது. அதுவும் இரண்டே இடங்களில். முதல் இடம், கலிலேயாவில் வலைவீசிப் பிழைத்த பேதுருவிடம் இயேசு பேசுவது. அந்தப் பேதுருவைத்தான் நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்தார்கள். அவர் பெயரில் அமைந்த இராயபுரத்தில், அவர் பெயர் தாங்கிய ஆலயத்தின் வரலாற்றை இந்தச் சொல்லிலிருந்து தொடங்குவதே முறை.

எக்லேசியா வழிபாட்டில் பிறந்த சொல் அன்று. ஏதென்சு நகரக் குடிமக்கள் பினிக்ஸ் குன்றில் கூடி, போரா சமாதானமா என்று கையுயர்த்தி முடிவுசெய்த பேரவைக்கு அதுதான் பெயர். சில முடிவுகளுக்கு 6,000 பேராவது வந்தாக வேண்டும். எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இஸ்ரயேல் மக்களின் கூட்டத்துக்கு அதையே எடுத்துக்கொண்டார்கள். திருத்தூதர் பணிகள் நூலின் 19ஆம் அதிகாரத்தில், எபேசு நகரத்து வெள்ளித் தட்டார்கள் கிளப்பிய கலகக் கூட்டத்துக்கும் அதே சொல்தான்! பவுலின் கடிதங்களில் ஒரு வீட்டில் கூடும் விசுவாசிகள், ஓர் ஊரின் விசுவாசிகள், உலகெங்கும் உள்ள விசுவாசிகள் என்று அது விரிகிறது. கட்டடம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டியது. தமிழில் நாம் கோயில், திருச்சபை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டோம், அது நல்லதுதான்.

நம் ஊரில் நடந்ததும் அந்த வரிசையில்தான். கூட்டம் முதலில், கோயில் பிறகு. அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் சரக்கையும் ஆட்களையும் கரைசேர்த்தவர்கள் படகோட்டிகள். ஆணி அடித்த படகை அந்த அலை பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகமே அவர்கள் தோள்வலிமையில் நின்றது. அவர்கள் உழைப்பில் சேர்ந்த நிதியில் 1829இல் தூய இராயப்பர் ஆலயம் எழுந்தது. கவர்னரோ பெருவணிகரோ கொடுத்த கொடை என்று இதைச் சொல்வது படகோட்டிகளுக்குச் செய்யும் அநீதி.

1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881 புயல் கட்டியதைச் சிதைத்தது; மீண்டும் கட்டினார்கள். கப்பல் கரையோடு வந்து நின்றபின் மசூலாப் படகுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தொழில் போனது, சபை போகவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், இறைமக்களைப் பற்றிய அதிகாரம் ஆயர்களைப் பற்றிய அதிகாரத்துக்கு முன்னால் இருக்கிறது. அந்த வரிசையை நான் பெரிதாக மதிக்கிறேன். பங்கு வரலாறு என்றால் பங்குத்தந்தையரின் பட்டியல் என்றே பழகிவிட்டோம். பட்டியல் இருக்கட்டும். பிரிஸ்கா, அக்கிலா தம்பதியின் வீட்டில் கூடிய சபைக்குப் பவுல் வாழ்த்து அனுப்பினாரே, அப்படி வீடு வீடாகக் கூடும் நம் அன்பியங்கள் தத்தம் பெரியவர்களிடம் கேட்டு, எந்தக் குடும்பம் படகில் இருந்தது, யார் துறைமுகக் கூலிக்குப் போனார், யார் காசிமேட்டில் வலை எடுத்தார் என்று எழுதித் தரட்டும். நம் பங்கின் அடுத்த மலர் அவற்றோடு தொடங்க வேண்டும்.