சோவியத் முதல் லீக், 1977 பருவம்

சோவியத் ஒன்றியக் கால்பந்து அமைப்பில் உயர் லீக்குக்கு அடுத்த படியில் இருந்தது முதல் லீக். 1977ஆம் ஆண்டுப் பருவத்தில் இதில் 20 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணிக்கும் 38 ஆட்டங்கள். வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி. முதலிடம் பெற்ற ஸ்பார்த்தாக் மாஸ்கோவும் இரண்டாமிடம் பெற்ற பக்தாகோர் தாஷ்கண்டும் உயர் லீக்குக்குத் தரமுயர்ந்தன. இரண்டாம் படிநிலைப் பருவங்களில் இந்த ஒன்றைப் பற்றித்தான் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. ஸ்பார்த்தாக் தன் வரலாற்றில் உயர் லீக்குக்கு வெளியே ஆடிய ஒரே ஆண்டு இது என்பதே அதற்குக் காரணம்.

முன்வரலாறு

சோவியத் கழக அணிகளுக்கான தேசியப் போட்டி 1936இல் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே வசந்தகாலத்துக்கு ஒன்று, இலையுதிர்காலத்துக்கு ஒன்று என இரு போட்டிகள் நடந்தன. இரண்டாம் பிரிவும் அப்போதே இருந்தது. அவ்வாண்டு வசந்தகாலத்தில் அப்பிரிவில் முதலிடம் பெற்ற டினமோ திபிலிசி மேலேறிச் சென்று, பின்னாளில் இருமுறை சோவியத் சாம்பியன் ஆனது. போருக்குப் பின் இப்படிநிலையின் பெயரும் அணிகளின் எண்ணிக்கையும் பிரிவுகளும் பலமுறை மாறின. 'முதல் லீக்' என்ற பெயர் 1971இல் நிலைத்தது.

ஸ்பார்த்தாக்கின் வீழ்ச்சி

1976இல் சோவியத் கால்பந்துக் கூட்டமைப்பு நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஏற்பாட்டை மீண்டும் கையிலெடுத்தது. மான்ட்ரியல் ஒலிம்பிக் ஆண்டு அது. தேசிய அணியின் பெரும்பகுதி டினமோ கீவ் வீரர்கள். அவர்களின் ஆயத்தத்துக்கு இடம் தரும்பொருட்டு உயர் லீக் இரண்டு தனித்தனிச் சாம்பியன் போட்டிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 16 அணிகள், அணிக்கு 15 ஆட்டங்கள் மட்டுமே. வசந்தகாலப் போட்டியில் தரமிறக்கம் கிடையாது. இலையுதிர்காலப் போட்டியின் கடைசி இரு இடங்களுக்கு மட்டும் அது உண்டு. பதினைந்து ஆட்டங்களில் தடுமாறிய அணி மீண்டெழ நேரமே இல்லை. அந்தக் கடைசி இரு இடங்களில் நின்றவை ஸ்பார்த்தாக் மாஸ்கோவும் டினமோ மின்ஸ்கும்.

ஸ்பார்த்தாக் அதற்குள் ஒன்பது முறை நாட்டின் சாம்பியன். 1960இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற தேசிய அணியின் தடுப்பாட்டக்காரர் அனத்தோலி க்ருத்திகோவ் அவ்வாண்டு அதன் பயிற்சியாளராக இருந்தார். கழகத்தை 1935இல் நிறுவியவர்களில் முதன்மையானவரான நிக்கோலாய் ஸ்தாரோஸ்தின் அப்போது அணி நிர்வாகத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தார். வீழ்ச்சிக்குக் காரணம் இந்த விலக்கமே என்று ஒரு தரப்பும், பழைய வீரர்களை விரைந்து மாற்ற முயன்றதே என்று இன்னொரு தரப்பும் எழுதியுள்ளன. போட்டி குறுகியதாக இருந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உயர் லீக்கின் அணி எண்ணிக்கையைக் கூட்டி ஸ்பார்த்தாக்கைக் காப்பாற்ற அதிகாரிகள் சிலர் முன்வந்ததாகவும், கழகத்தார் அச்சலுகையை ஏற்க மறுத்ததாகவும் ஒரு செய்தி நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. யார் முன்வந்தார், யார் மறுத்தார் என்பது சொல்பவருக்கேற்ப மாறுகிறது. 1977இல் உயர் லீக் 16 அணிகளுடனேயே நடந்தது என்பது மட்டும் உறுதி.

1977

புதிய பயிற்சியாளராக வந்த கான்ஸ்தந்தின் பெஸ்கோவ் பரம எதிரியான டினமோ மாஸ்கோவின் ஆள். 1945இல் பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்து தோல்வியே காணாமல் திரும்பிய டினமோ அணியில் தாக்குதல் ஆட்டக்காரராக இருந்தவர். 1964இல் தேசிய அணியை ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டிவரை கொண்டுசென்று, அதில் ஸ்பெயினிடம் 2–1 எனத் தோற்றதற்காகப் பதவி நீக்கப்பட்டவர். அவரை ஸ்பார்த்தாக்குக்கு அழைத்துவந்தவர் நிக்கோலாயின் தம்பி ஆந்திரெய் ஸ்தாரோஸ்தின் என்பது பரவலான கருத்து. மேலிடத்து உத்தரவு இல்லாமல் டினமோக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் போயிருக்க முடியாது என்போரும் உண்டு. இரண்டும் ஒருசேர நடந்திருக்கவும் கூடும். நிக்கோலாய் ஸ்தாரோஸ்தினும் அணித் தலைமை நிர்வாகியாகத் திரும்பினார். 1942இல் கைதாகி முகாம்களிலும் நாடுகடத்தலிலும் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்த அவருக்கு அப்போது வயது எழுபத்தைந்து.

பெஸ்கோவ் அணியை ஏறக்குறைய புதிதாகவே கட்டினார். தரமிறங்கிய கழகத்துக்குப் புகழ்பெற்ற வீரர்கள் எளிதில் வர மாட்டார்கள். எனவே கீழ் லீக்குகளிலும் பிற அணிகளின் மாற்று வரிசைகளிலும் தேடினார். இப்பருவத்தின் உண்மையான சிறப்பு இந்தத் தேடலில்தான் இருக்கிறது. ரீகாவின் தௌகவாவிலிருந்து நடுக்கள ஆட்டக்காரர் செர்கெய் ஷாவ்லோ வந்தார். டினமோ மாஸ்கோவில் நிலையான இடம் கிடைக்காதிருந்த யூரி கவ்ரீலவ் வந்தார். பந்தை எங்கே கொடுக்க வேண்டும் என்பதில் அவருக்கு இணையானவர்கள் அக்காலத்தில் அரிது. தடுப்பாட்டத்தில் சைபீரியாவின் கிராஸ்நயார்ஸ்கிலிருந்து வந்த ஒலெக் ரமான்ட்செவ் இடம்பிடித்தார். அஸ்த்ரகானின் வோல்கர் அணியிலிருந்து இருபது வயது கோல்கீப்பர் ரினாத் தசாயெவ் சேர்ந்தார். அவர் வலைக்கு முன் நிலையாக நின்றது அடுத்த ஆண்டுதான். பத்தொன்பது வயது நிரம்பாத வகீஸ் ஹிதியத்துலின் ஏற்கனவே அணியில் இருந்தார். 1977 கோடையில் தூனிசியாவில் நடந்த முதல் உலக இளையோர் கோப்பையை வென்ற சோவியத் அணியில் அவரும் ஒருவர். உலகப் பட்டம் பெற்றுத் திரும்பியவர் ஆடியது இரண்டாம் படிநிலை லீக்கில்.

இவர்களில் தனித்துச் சொல்லத் தக்கவர் கியோர்கி யார்ட்செவ். 1948இல் கஸ்த்ரமா வட்டாரத்துக் கிராமமொன்றில் பிறந்த இவர், கஸ்த்ரமா நகர அணியில் கோல் அடித்துக்கொண்டிருந்தார். மாஸ்கோ அழைத்தபோது வயது 29. சோவியத் கால்பந்தில் அது ஓய்வை எண்ணத் தொடங்கும் வயது, இளைஞர்களுக்குத்தான் முன்னுரிமை. அந்த வயதில் ஒரு தாக்குதல் ஆட்டக்காரரைக் கொண்டுவந்ததைப் பலர் புரியாத முடிவாகக் கண்டனர். மறு ஆண்டே உயர் லீக்கில் 19 கோல்கள் அடித்து அவர் அவ்வாண்டின் மிக அதிக கோல் அடித்தவரானார்.

பந்தைத் தரையில் வைத்து, குறுகிய தூரத்தில் ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்து, கொடுத்தவர் நில்லாமல் வெற்றிடத்துக்கு ஓடும் முறையை பெஸ்கோவ் தாரசோவ்காவில் உள்ள பயிற்சித் தளத்தில் நாள்தோறும் பழக்கினார். பிற்காலத்தில் 'ஸ்பார்த்தாக் பாணி' என்று ரசிகர்கள் கொண்டாடிய ஆட்டம் டினமோவில் வளர்ந்த ஒருவரின் கையால், முதல் லீக் ஆடுகளங்களில் உருவானது. பருவத்தின் தொடக்கத்தில் அது கைகூடவில்லை. தோல்விகளும் சமன்களும் இருந்தன. வீரர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட பிறகு வெற்றிகள் தொடர்ந்தன. இறுதியில் முதலிடம்.

பயணங்களின் கடுமையையும் குறிப்பிட வேண்டும். துஷான்பேயின் பமீர், கெமெரவோவின் குஸ்பாஸ், கிஷினவின் நிஸ்த்ரு, யரஸ்லாவலின் ஷின்னிக், குத்தயிசியின் டார்பிடோ, சிம்ஃபெரப்போலின் தாவ்ரியா ஆகியவை அதே லீக்கில் இருந்தன. துஷான்பேயும் கெமெரவோவும் மாஸ்கோவிலிருந்து சுமார் 3,000 கி.மீ. தொலைவில், ஒன்று தெற்கிலும் மற்றது கிழக்கிலும் உள்ளவை. ஸ்பார்த்தாக்கை நேரில் பார்க்கும் வாய்ப்பு அந்த நகரங்களுக்கு அரிது. அது வந்த நாள்களில் விளையாட்டரங்குகள் நிரம்பின. சிவப்பு–வெள்ளைக் கழுத்துத்துணியும் பின்னல் தொப்பியும் அணிந்து அணியைப் பின்தொடர்ந்து ஊர் ஊராகப் போகும் ரசிகர் கூட்டம் எழுபதுகளின் தொடக்கத்தில் மாஸ்கோவில் முளைத்திருந்தது. தரமிறங்கிய ஆண்டில் அது கலையவில்லை, பெருகியது. ஒரு கழகத்தின் மீது மக்கள் வைத்த அன்புக்கு இதைவிட நல்ல சான்று காண்பது கடினம்.

பின்விளைவு

ஸ்பார்த்தாக் 1978இல் உயர் லீக்கில் ஐந்தாமிடமும் 1979இல் சாம்பியன் பட்டமும் பெற்றது. ரமான்ட்செவ் பின்னர் பெஸ்கோவுக்கு அடுத்த பயிற்சியாளராகி 1989இல் பட்டம் வென்றார். தொண்ணூறுகளில் ரஷ்யப் பட்டங்களைத் தொடர்ந்து வென்ற ஸ்பார்த்தாக்கை வழிநடத்தியவரும் அவரே. இடையில் 1996 பட்டத்தின்போது பயிற்சியாளராக இருந்தவர் யார்ட்செவ்.

இரண்டாமிடத்துடன் மேலேறிய பக்தாகோருக்கு அந்த நற்பேறு நீடிக்கவில்லை. 1979 ஆகஸ்ட் 11 அன்று டினமோ மின்ஸ்குடன் ஆடுவதற்காக அணி மின்ஸ்குக்குப் பறந்தது. உக்ரைனின் த்னீப்ரோஜெர்ஜின்ஸ்க் நகருக்கு மேலே இரண்டு து–134 விமானங்கள் மோதின. இறந்த 178 பேரில் 17 பேர் பக்தாகோர் வீரர்களும் பணியாளர்களும். அணியின் ஒளிமிக்க இணையரான மிஹயில் ஆன், விளதீமிர் ஃபியோதரவ் இருவரும் அதில் மாண்டனர். பிற கழகங்கள் வீரர்களைக் கொடுத்து உதவின. மூன்று ஆண்டுகளுக்கு அணியைத் தரமிறக்குவதில்லை என்று கூட்டமைப்பு முடிவெடுத்தது.

ஸ்பார்த்தாக்குடன் வீழ்ந்த டினமோ மின்ஸ்கால் 1977இல் திரும்ப முடியவில்லை. உயர் லீக் 18 அணிகளாக விரிந்தபோது, 1978இல் முதல் லீக்கில் பெற்ற மூன்றாமிடம் அதற்கு வழிவிட்டது. எதுவார்த் மலஃபேயெவின் பயிற்சியில் 1982இல் சோவியத் சாம்பியன் ஆனது.

பிற்காலம்

எண்பதுகளில் சிஎஸ்கேஏ மாஸ்கோ 1984இலும் 1987இலும் கீழே விழுந்து எழுந்தது. பாவெல் சதீரின் பயிற்சியில் மீண்டு, 1991இல் கடைசி சோவியத் சாம்பியனானது. அதே ஆண்டின் கடைசி சோவியத் முதல் லீக்கை வென்றது வல்காகிராதின் ரோத்தர். சதீரின் 1995இல் ஜெனித் அணியையும் ரஷ்ய முதல் லீக்கிலிருந்து மேலே கொண்டுவந்தார்.

ரஷ்ய முதல் லீக் 1992, 1993 ஆண்டுகளில் மூன்று வட்டாரங்களாக நடந்து, 1994 முதல் ஒரே லீக்கானது. 2011இல் பெயர் தேசியக் கால்பந்து லீக் என்று மாறியது. வசந்தம்–இலையுதிர் நாள்காட்டியை இலையுதிர்–வசந்தமாக மாற்றும்பொருட்டு 2011–12 பருவம் ஓராண்டுக்கும் மேலாக நீண்டது. சரான்ஸ்கின் மர்தோவியா அதில் முதலிடம் பெற்றது. 2016இல் டினமோ மாஸ்கோ முதன்முறையாகத் தரமிறங்கி, ஓராண்டில் லீக்கை வென்று திரும்பியது. 2019–20 பருவம் கொரோனா பரவலால் பாதியில் நின்றது. ரோத்தரும் ஹிம்கியும் தரமுயர்த்தப்பட்டன. 2022 முதல் இப்படிநிலை மீண்டும் முதல் லீக் என்ற பெயரில் நடக்கிறது.