ஹாஸ்கெல் மொழியின் வரலாறும் தமிழ் எழுத்தும்

கணிப்பொறிக்குரிய நிரல்மொழிகளின் வரலாறு தமிழாய்வாளர்க்கு அயலான துறையெனக் கருதப்படுதல் உண்டு. ஆயினும், சங்க இலக்கியச் சொல்லடைவும் கல்வெட்டுத் தொகுதியும் ஊர்ப்பெயர்ப் பட்டியலும் கணிப்பொறியில் ஏறிவிட்ட இந்நாளில், அம்மொழிகளை ஆக்கியோர் 'எழுத்து' என்பதனை யாதெனக் கொண்டனர் என்னும் வினா நம்முடைய வினாவும் ஆகின்றது. ஹாஸ்கெல் மொழியை வகுத்தோர் எதனைப் பெறுதற்கு எதனை விட்டுக்கொடுத்தனர் என்பதனையும், அதன் விளைவு தமிழ் எழுத்தின்மேல் எங்ஙனம் வந்து சேர்கின்றது என்பதனையும் ஈண்டு ஆராய்வாம். இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள வாலிநோக்கம் என்னும் ஊரின் பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

1987ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் கூடிய அறிஞர், ஒருதன்மைத்தாய பல மொழிகள் சிதறிக் கிடத்தலைக் கண்டு, பொதுமொழி ஒன்று வேண்டுமெனத் துணிந்தனர். அளவை நூலறிஞர் ஹாஸ்கெல் கறி (1900–1982) பெயரால் அமைந்த அம்மொழியின் முதல் வரையறை 1990 ஏப்ரல் முதல் நாள் வெளிவந்தது. பால் ஹுடாக்கும் பிலிப் வாட்லரும் அதன் பதிப்பாசிரியர் ஆவர். குழுவினருள் அர்விந்த், ரிஷியூர் நிகில் என்னும் இந்தியர் இருவரும் இருந்தனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரின் 'சக்தி' செயலிகளை வடிவமைக்கப் பயன்பட்ட புளூஸ்பெக் மொழியின் வளர்ச்சியில் நிகிலுக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் தொகுப்பி ஹாஸ்கெல் மொழியிலேயே எழுதப்பட்டது.

இம்மொழியின் முதற் கோட்பாடு, ஒரு மதிப்பினை அது வேண்டப்படும்போதன்றிக் கணியாமை. பயன்படாத கணக்கு செய்யப்படாது என்பது இதன் ஊதியம். ஆனால், கணிக்கப்படாதவை நினைவகத்தில் குவியும் என்பது இதன் இழப்பு. ஒரு தொகுதியில் ஒரு சொல் எத்துணை முறை வருகின்றது என எண்ணுங்கால், கூட்டப்படாத ஒன்றுகள் நெடுந்தொடராய்த் தேங்கிவிடக்கூடும். உடனுக்குடன் கூட்டிச்செல்லும் மடிப்புச் சார்பு நெடுங்காலமாகவே நூலகத்தில் இருந்தும், தனியே வேண்டிப் பெறவேண்டாது தொடக்கத்திலேயே கிடைப்பதாக அது சேர்க்கப்பட்டது 2024இல்தான்.

இரண்டாவது கோட்பாடு தூய்மை. ஒரு சார்பு, தந்த பொருளுக்கு விடை தருதலன்றிப் புறவுலகில் யாதொரு மாற்றமும் செய்தல் கூடாது. அங்ஙனமாயின் கோப்பினைப் படித்தலும் திரையில் எழுதுதலும் யாங்ஙனம் இயலும்? மோகி என்பார் 1989இல் வேறு நோக்கில் வகுத்த மோனாடு என்னும் அமைப்பினை வாட்லர் நிரலாக்கத்திற்குக் கொணர்ந்தார். 1996இல் அஃது உள்ளீடு வெளியீட்டுக்குரிய நெறியாக மொழியில் ஏற்கப்பட்டது. நெறி தவறிய நிரலைத் தொகுப்பி, அஃது இயங்குமுன்னரே வழுவென விலக்கும். எனினும், கட்டாயம் நேர்ந்தவிடத்து இவ்வேலியைத் தாண்டுதற்கும் ஒரு வழி வைக்கப்பட்டுள்ளது. கிளவியாக்கம் வழுவினை விலக்குவதோடு வழுவமைதியும் கூறுதலை உணர்ந்தார்க்கு இது வியப்பாகத் தோன்றாது.

மூன்றாவது, நமக்கு மிக நெருங்கியது, இனப்பாகுபாடு. இம்மொழியில் 'அல்லது' என இணைத்த இனங்கள் கூட்டலாகவும், 'உம்' என இணைத்தவை பெருக்கலாகவும் எண்ணப்பெறும். எழுத்தென்பது உயிர், அல்லது மெய், அல்லது மெய்யும் உயிரும் கூடியது, அல்லது ஆய்தம் என எழுதின், 12+18+(18×12)+1 எனக் கணக்கிட்டு 247 மதிப்புக்களே அவ்வினத்தில் அமையும். உயிரின்றித் தனித்து நிற்கும் உயிர்க்குறியோ, இரு குறி பெற்ற மெய்யோ இதன்கண் புகவே இயலாது.

இதற்கும் விலை உண்டு. 'ஹாஸ்கெல்' என்னும் சொல்லையே இவ்வினத்தால் எழுத இயலாது. ஜ், ஷ், ஸ், ஹ், க்ஷ் ஐந்தனையும் மெய்யோடு சேர்ப்பின் தொகை 312 ஆகும். அப்பொழுது, சங்கப்பாடலில் தட்டச்சுப் பிழையால் புகுந்த ஸகரத்தை மொழி தடுக்காது. புதிய எழுத்து புகுந்தவுடன் பழைய சார்புகள் பலவற்றையும் திருத்த நேரும். இவ்விடர்ப்பாட்டை வாட்லர் 1998இல் பெயரிட்டு விளக்கினார்.

மொழியோடு வரும் எழுத்தினமோ ஒருங்குறியின் குறியெண்ணையே எழுத்தெனக் கொள்கின்றது. வாலிநோக்கம் என்பதில் நமக்கு எழுத்து ஆறு. ஹாஸ்கெல் எண்ணுவது 11. ஓகாரக் குறியை ஏகாரக்குறியும் காலுமாகப் பிரித்து உள்ளிட்டிருப்பின் 12. அவ்விரு வடிவங்களும் வெவ்வேறு சொற்களெனவே ஒப்பிடப்பெறும்.

சரத்தை எழுத்துக்களின் பட்டியலாக அமைத்தது, கற்பித்தற்கும் நிறுவுதற்கும் எளிமை கருதியாம். இன்றைய 64 பிட்டுக் கணிப்பொறியில், வழக்கமான தொகுப்பியின்கீழ், பட்டியலில் ஒரு தமிழ்க் குறியெண் 40 பைட்டு கொள்ளும். உரோமன் எழுத்துக்கள் முன்னரே ஆக்கி வைக்கப்பட்டிருத்தலின் அவற்றிற்கு 24 போதும். ஆகவே வாலிநோக்கம் 440 பைட்டும், பத்து உரோமன் எழுத்தாலாய அதன் வடிவம் 240 பைட்டும் பெறும். இக்குறை நீக்க எழுந்த 'டெக்ஸ்ட்' நூலகம் முதலில் யுடிஎஃப்-16 முறையைக் கொண்டிருந்தது. தலைப்பகுதி நீங்கலாக ஊர்ப்பெயர் 22 பைட்டில் அடங்கியது. 2021இல் வந்த இரண்டாம் பதிப்பு யுடிஎஃப்-8 முறைக்கு மாறியது. உரோமன் வடிவம் இருபதிலிருந்து பத்தாகக் குறைய, தமிழ் வடிவம் 33 ஆக உயர்ந்தது. கோப்புக்களும் இணையமும் இம்முறையையே கைக்கொண்டமையால் முறைமாற்றும் உழைப்பு மிஞ்சும் என்பது மாற்றத்திற்குரிய காரணம். அது பொருந்திய காரணமே. எனினும் இடத்தின் அளவில் ஆதாயம் ஒரு வரிவடிவத்திற்கும் செலவு மற்றொன்றிற்கும் ஆயிற்று.

இவற்றால் பெறப்படுவது, ஒரு மொழியின் வடிவமைப்பில் ஓரிடத்துப் பெற்ற எளிமைக்குரிய விலை பிறிதோரிடத்துச் செலுத்தப்படும் என்பதாம். தமிழ்த்தொகுதி அமைப்போர் மூலத்தை உள்ளவாறே காத்து, ஒப்பீட்டிற்குமுன் குறியெண் வடிவங்களை ஒருமைப்படுத்தி, ஆய்வு தொடங்குங்கால் எழுத்தினமாக மாற்றிக்கொள்ளுதல் தகும். சங்கப் பனுவலுக்கு 247, கிரந்தம் விரவிய கல்வெட்டுக்கு 312 என இனத்தை வேறுவேறாக வகுத்துக்கொள்ளுதலும் வேண்டும். எவ்வெண்ணிக்கையைக் கொண்டனர் என்பதனை முன்னுரையில் கூறாத பட்டியலை, மற்றொரு பட்டியலோடு ஒப்பிட்டு முடிவு காணுதல் இயலாது. எழுத்து இனைத்தென வரையறுத்துத் தொடங்குதல் தமிழிலக்கண மரபு. கணிப்பொறி வழியாகச் செய்யும் ஆய்வும் அங்ஙனமே தொடங்குதல் முறையாகும்.