மூன்றாவது பங்கு: தெருப்பிள்ளைகளுக்குக் கடைவேலை கற்றுத்தந்த வரலாறு

1851-ஆம் ஆண்டு லண்டன் ஹைட் பூங்காவில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. ஊர் ஊராகக் கூட்டம் வரும், லண்டன் சேற்றில் எல்லோருடைய காலணியும் அழுக்காகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டார் ஜான் மெக்ரெகர் என்ற வழக்கறிஞர். பரம ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக எழுத்தறிவித்த ‘கந்தல் பள்ளி’களில் உழைத்துவந்தவர் அவர். அந்தப் பையன்களில் சிலருக்குச் சிவப்புச் சீருடை கொடுத்து, பாலீஷ் டப்பாவும் பிரஷ்ஷும் கொடுத்து, தெருமுனைகளில் நிறுத்தினார். ஒரு ஜோடி காலணிக்கு ஒரு பென்னி.

அந்தத் திட்டத்தில் கவனித்துப் பார்க்க வேண்டியது அதன் கணக்குமுறை. அன்றாட வருமானத்தில் முதல் ஆறு பென்னி பையனுக்கே கூலி. மீதியை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு உடனே அவன் கைக்கு, ஒரு பங்கு சங்கத்துக்கு, மூன்றாவது பங்கு அவன் பெயரில் சேமிப்புக்கு. பதினெட்டு பென்னி சம்பாதித்தவனை எடுத்துக்கொள்வோம். மாலையில் பத்து பென்னி கையில் இருக்கும், நான்கு சங்கத்துக்குப் போகும், நான்கு அவன் கணக்கில் ஏறும். நன்றாகச் சம்பாதிப்பவனுக்கு ஆள்நடமாட்டம் அதிகமுள்ள முனை கிடைத்தது. சேமிப்பு சேர்ந்ததும் பலர் வேறு வேலைக்குப் போனார்கள், சிலர் குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறினார்கள்.

தெருவில் நிற்கும் பிள்ளைக்குச் சில்லறை வியாபாரத்தின் வழியே தொழில் கற்றுத்தரும் முயற்சிகள் பின்னாளில் எத்தனையோ வடிவம் எடுத்தன. அவை எல்லாமே இந்த மூன்று பங்குக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டின. இன்றைய வயிற்றுப்பாட்டுக்கு எவ்வளவு, கற்றுத்தரும் செலவுக்கு எவ்வளவு, அவனுடைய நாளைக்கு எவ்வளவு?

கூலி மட்டும் போதாது என்பதை அமெரிக்கா பெரும் செலவில் தெரிந்துகொண்டது. 1975-இல் அங்கே ‘சப்போர்ட்டட் வொர்க்’ என்ற பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. படிப்பைப் பாதியில் விட்ட 17 முதல் 20 வயதுக்காரர்களுக்கும், சிறையிலிருந்து வந்தவர்களுக்கும், உதவித்தொகையில் வாழ்ந்த தாய்மார்களுக்கும் குறிப்பிட்ட காலம் கண்காணிப்போடு வேலை கொடுத்துப் பார்த்தார்கள். தாய்மார்களின் வருமானம் உயர்ந்து நிலைத்தது. இளைஞர்கள் விஷயத்தில் வேலை முடிந்ததும் பலனும் கரைந்துபோனது. இதைப் படித்துவிட்டு இளைஞர்கள்மேல் பழி போடுவது எளிது. ஆனால் பதினெட்டு வயதில் தங்க இடமில்லாதவனுக்குச் சம்பளக் கவர் ஒன்றை மட்டும் நீட்டினால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

அடுத்த தலைமுறை முயற்சிகள் சின்னக் கடைகளிலிருந்து வந்தன. சான் பிரான்சிஸ்கோவில் வீடற்ற இளைஞர்களுக்கு அடைக்கலம் தந்துவந்தது லார்கின் தெரு இளைஞர் மையம். அதன் பணியிலிருந்து 1993-இல் பிறந்தது ‘ஜூமா வென்ச்சர்ஸ்’. பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீம் நிறுவனம் தொண்டு அமைப்புகளை உரிமக் கட்டணம் வாங்காமல் கடை நடத்த அனுமதித்துவந்தது. அந்த வழியில் ஜூமா ஐஸ்கிரீம் கடை திறந்து, கல்லாவிலும் கரண்டியிலும் பிள்ளைகளை நிறுத்தியது.

அதே நகரின் மிஷன் வட்டாரத்தில் ‘பெடல் ரெவல்யூஷன்’ என்ற சைக்கிள் கடை. பழைய வண்டிகளைச் செப்பனிட்டு விற்கும் வேலையை இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்த கடை அது. சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் குணம் தெரியும். சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட வேண்டும். ரிம் எந்த இடத்தில் ஒருபக்கம் சாய்கிறது என்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் சாய்வுக்கு எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்கி, சாய்ந்த பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தி, மறுபடி சுற்ற வேண்டும். அவசரப்பட்டு முழுத் திருகு திருகினால் கோணல் இன்னொரு பக்கம் போய்விடும். செய்தது சரியா என்று யாரும் சொல்லத் தேவையில்லை, சக்கரமே காட்டிக்கொடுக்கும். வாழ்நாள் முழுக்கப் பெரியவர்களிடம் திட்டு வாங்கியே பழகிய பிள்ளைக்கு இப்படிப்பட்ட வாத்தியார் கிடைப்பது சாதாரண விஷயமல்ல.

லாஸ் ஏஞ்சல்ஸ் கதை இன்னும் கடுமையானது. பாயில் ஹைட்ஸ் பகுதியின் டொலோரஸ் மிஷன் தேவாலயத்துக்கு 1986-இல் பங்குத்தந்தையாக வந்த கிரெகரி பாயில், கோஷ்டிச் சண்டையில் செத்த பையன்களை ஒன்றன்பின் ஒன்றாக அடக்கம் செய்தவர். 1988-இல் அந்தப் பையன்களுக்கு வேலை தேடித்தரும் திட்டம் தொடங்கினார். கேட்ட இடமெல்லாம் வேலை கிடைத்துவிடவில்லை. 1992-இல் நகரமே கலவரத்தில் எரிந்த பிறகு, திரைப்படத் தயாரிப்பாளர் ரே ஸ்டார்க் பணம் கொடுக்க முன்வந்தார். கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய பேக்கரியில் ‘ஹோம்பாய் பேக்கரி’ பிறந்தது. நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட கோஷ்டிக்காரர்கள் ஒரே மேசையில் மாவு பிசைந்தார்கள். தொடர்ந்து கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டில் சோள ரொட்டிக் கடை, பிறகு பனியன் அச்சிடும் பட்டறை, பெண்கள் பரிமாறும் ‘ஹோம்கேர்ள் கஃபே’.

கடை என்றால் வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பார். கழுத்திலும் நெற்றியிலும் கோஷ்டிப் பெயரைப் பச்சை குத்தியவன் வேலை கேட்டு எந்த வாசலில் நிற்க முடியும்? மருத்துவர்கள் தன்னார்வமாக வந்து லேசர் கொண்டு பச்சையை அழிக்கும் இலவசச் சேவை ஹோம்பாயின் அன்றாட வேலைகளில் ஒன்றானது. மனநல ஆலோசனை, சட்ட உதவி, படிப்பு எல்லாம் சேர்ந்து, ஏறத்தாழ 18 மாதப் பயிற்சியாக ஹோம்பாய் திட்டம் வளர்ந்தது.

இவ்வளவையும் ரொட்டி விற்ற காசு தாங்குமா? தாங்காது. பயிற்சிக் கடையில் ஒருவன் கைதேர்ந்தவுடன் வெளியே அனுப்ப வேண்டும், புதியவனை மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். வேறெந்த முதலாளியும் தன் நல்ல வேலையாளை விரும்பி அனுப்பமாட்டார். 2010-இல் ஹோம்பாய் சுமார் 300 பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டிவந்தது. பேக்கரியும் கஃபேயும் தொடர்ந்து நடந்தன. நன்கொடையில் ஓடிய சேவைகள்தான் அடிவாங்கின. லண்டனில் ஜேமி ஆலிவர் 2002-இல் வேலையற்ற இளைஞர்களைச் சமையல்காரர்களாக்கத் திறந்த ‘ஃபிஃப்டீன்’ உணவகம், அவருடைய உணவகக் குழுமம் நொடித்தபோது 2019-இல் சேர்ந்தே மூடப்பட்டது.

சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் ராபர்ட்ஸ் நிறுவிய ராபர்ட்ஸ் நிதி அமைப்பு 1990-களில் இந்தச் செலவுக் கேள்வியை நேராகச் சந்தித்தது. ஜெட் எமர்சன் வழிகாட்டலில் அவர்கள் கடையின் லாபநஷ்டத்தை ஒரு பத்தியிலும், ஒரு இளைஞன் வேலையில் நிலைத்ததால் அரசுக்கு மிச்சமாகும் பணத்தை இன்னொரு பத்தியிலும் எழுதினார்கள். சமூகப் பலனைக் காசாக எண்ணிப் பார்க்கும் அந்தக் கணக்கில் ஊகம் உண்டு. ஆனாலும் கற்றுத்தரும் செலவைக் கடையின் நஷ்டம் என்று எழுதுவது தவறு என்பதை அது புரியவைத்தது.

ஜூமா பிறகு ஐஸ்கிரீம் கடையைத் தாண்டி விளையாட்டு அரங்குகளுக்குப் போனது, பல நகரங்களுக்குப் பரவியது. ஆட்டம் பார்க்க வரும் கூட்டத்திடையே தின்பண்டம் விற்பதில் படிப்புக்கு இடைஞ்சலில்லாத வேலைநேரம் கிடைத்தது. அதோடு, சம்பளத்தில் பிள்ளைகள் சேமிப்பதற்கு ஈடாக நிறுவனமும் தன் பணத்தைச் சேர்த்துப் போடும் ஒரு கணக்கைத் தொடங்கித்தந்தது. கல்லூரிச் செலவுக்கு அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடிந்தது. சிவப்புச் சீருடைப் பையன்கள் சிலருக்கு மூன்றாவது பங்கு கப்பல் கட்டணமாக இருந்தது. ஜூமாவில் அது கல்லூரியின் முதல் பருவக் கட்டணம்.