மண்ணீர அளவீட்டு வரலாற்றில் அலைவாங்கியின் இடம்

விண்ணிலிருந்து மண்ணின் ஈரத்தை அளக்கும் முயற்சி பெரும்பாலும் உணர்கருவிகளின் வளர்ச்சி வரலாறாக எழுதப்படுகிறது. அதன் போக்கைத் தீர்மானித்ததில் அலைவாங்கியின் அளவுக்கே பெரும்பங்கு உண்டு எனலாம்.

உலர்ந்த மண்ணின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 3 முதல் 5 வரை. நீருக்கோ அது 80 அளவில் உள்ளது. ஆகவே ஈரம் ஏறுந்தோறும் மண் இயல்பாக உமிழும் நுண்ணலை குறைகிறது. அவ்வுமிழ்வு பயிர்மூட்டத்தைக் கடந்து வர நீண்ட அலையாதல் வேண்டும். 21 செ.மீ. அலைநீளத்தை ஒட்டிய பட்டை தேர்வானதற்கு வேறொரு காரணமும் உண்டு. விண்வெளி ஹைட்ரஜனின் கதிர்வீச்சு அங்கு அமைவதால், 1400–1427 மெகா ஹெர்ட்ஸ் பட்டை வானொலி வானியலுக்கெனப் பன்னாட்டளவில் காக்கப்பட்டிருந்தது. வானை நோக்கியோர் காத்த அமைதி மண்ணை நோக்கியோர்க்கும் பயன்பட்டது. (அவ்வமைதி முழுமையானதன்று என்பது பின்னர்த் தெரியவந்தது.)

அலை நீளும்போது, அதே நுண்மையுடன் காண அலைவாங்கியும் பெரிதாக வேண்டும். 1973இல் ஸ்கைலாப் விண்நிலையத்தில் இயங்கிய 1.4 கிகா ஹெர்ட்ஸ் கதிர்வீச்சுமானியின் ஒரு பார்வைப் பரப்பு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. ஈரத்திற்கும் உமிழ்வுக்கும் உள்ள தொடர்பை அது காட்டியது, வயலைக் காட்டவில்லை. 1978இன் நிம்பஸ்-7 குறுகிய அலைகளையே நாடியது.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2009 நவம்பர் 2இல் ஏவிய ஸ்மோஸ், பெரிய அலைவாங்கியைத் தவிர்த்து, மூன்று கைகளில் 69 சிறு அலைவாங்கிகளைப் பரப்பி, அவற்றின் குறிகைகளைக் கணக்கீட்டால் இணைத்தது. பாதுகாக்கப்பட்ட பட்டையில் சட்டத்திற்குப் புறம்பான ஒலிபரப்புகள் பல இருந்ததை அதன் தரவுகளே வெளிப்படுத்தின.

நாசாவின் ஸ்மாப் (2015 ஜனவரி 31) 6 மீட்டர் சுழலும் வலைத்தட்டை ஏந்திச் சென்றது. சுமார் 40 கி.மீ. பிரிதிறனுடைய கதிர்வீச்சுமானியின் துல்லியத்தையும், 1 முதல் 3 கி.மீ. வரை காணும் ரேடாரின் நுண்மையையும் இணைத்து 9 கி.மீ. தரவு பெறுவதே நோக்கம். 2015 ஜூலை 7இல் ரேடார் செயலிழந்தது; கதிர்வீச்சுமானி தொடர்ந்தது. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் தரவை இணைத்து 3 கி.மீ. நுண்மை மீட்கப்பட்டது உண்மையே. ஆயின் ஸ்மாப் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை காணும் இடத்தைச் சென்டினல் அத்தனை விரைவில் மீண்டும் காண்பதில்லை. அவ்விடைவெளிக்குள் மேல்மண்ணின் 5 செ.மீ. நனைந்து உலர்ந்தும் விடக்கூடும்.

2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், 12 மீட்டர் வலைத்தட்டுடன் அதே எல் பட்டையில் ரேடாரை இயக்குகிறது. அதில் கதிர்வீச்சுமானி இல்லை. ஒரே பாதைக்கு அது மீள்வதும் 12 நாள்களுக்கு ஒருமுறையே.