ரசீன் பாதிரியாரும் என் திண்ணையும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சேலத்தில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ராசிபுரத்தில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். திண்ணையில் உட்காரும்போதெல்லாம் சார்லஸ் ரசீன் பாதிரியார் ஞாபகம் வரும்.

1897-ல் பிறந்த பிரெஞ்சுக்காரர். இயேசு சபைத் துறவி, ஆகவே தத்துவமும் படித்தவர். 1934-ல் பாரிசில் கணிதத்துக்கு டாக்டர் பட்டம். 1937-ல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, 1939 முதல் சென்னை லயோலா.

வகுப்பில் அவர் பாடம் நடத்துவது அவ்வளவு சீராக இருக்காதாம். (எனக்கு ஆறுதலான செய்தி!) ஆனால் நம் பாடத்திட்டம் பழைய ஆங்கிலப் புத்தகங்களிலேயே நின்றிருந்த காலத்தில், பிரான்சில் வளர்ந்துவந்த புதுக் கணிதத்தை மாணவர்களுக்குக் காட்டினார். கெட்டிக்காரர்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகச் சொன்னார். அப்படி 1953-ல் போனவர்கள் எம்.எஸ்.நரசிம்மனும் சி.எஸ்.சேஷாத்ரியும். நரசிம்மன் தண்டரை கிராமத்துப் பிள்ளை. இருவர் பெயரும் சேர்ந்த தேற்றம் 1965-ல் வந்தது; இன்றும் உலகம் படிக்கிறது.

போன வருஷம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மைனஸ் ஒன்றுக்கு வர்க்கமூலம் ஏன் கிடையாது தாத்தா?" என்றாள். ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கலாம். இரவெல்லாம் யோசித்து, மறுநாள் பக்கத்துத் தெரு கல்லூரி ஆசிரியரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

இப்போது அவள் என் திண்ணைக்கு வருவதில்லை. அவள் தம்பி வருகிறான்.