மாறும் குறியீடு

கார் பூட்டு, திருட்டு அலாரம், கராஜ் கதவு ஆகியவற்றை இயக்கும் ரிமோட், பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் வேறொரு எண்ணை ரேடியோ அலையில் அனுப்பும் முறைக்கு மாறும் குறியீடு என்று பெயர். ஒருமுறை ஏற்கப்பட்ட எண் மறுபடி செல்லாது. ஐரோப்பாவில் இத்தகைய ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸிலும், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன.

இதற்கு முந்தைய ரிமோட்டுகளில் எண் மாறவே மாறாது. உள்ளே வரிசையாக இருந்த குட்டிச் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, ரிமோட்டிலும் பெறுகருவியிலும் ஒரே எண்ணை அமைத்துக்கொள்வார்கள். சுவிட்சுகள் பன்னிரண்டே என்றால், சாத்தியமான எண்கள் 4,096தான். காற்றில் போகும் எண்ணைப் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பினாலே கதவு திறந்துவிடும். அதற்கும் பொறுமை இல்லாதவர் எல்லா எண்களையும் வரிசையாக அனுப்பிப் பார்க்கலாம். அமெரிக்கரான சாமி காம்கார் 2015இல் மேட்டல் நிறுவனத்தின் பழைய குறுஞ்செய்தி பொம்மை ஒன்றைத் திருத்தி, இப்படிப்பட்ட கதவுகளைச் சில நொடிகளில் திறந்து காட்டினார்.

மாறும் குறியீட்டு முறைகளில் மிகப் பரவலானவற்றில் ஒன்று கீலாக். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனத்துக்காக கிடியன் குன் வடிவமைத்த மறையாக்க முறை இது. 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் டெக்னாலஜி இதை வாங்கி, மலிவான சிப்புகளாக விற்றது. சிப்பினுள் 64 பிட் நீளமுள்ள இரகசியச் சாவியும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று கூடும் எண்ணியும் உண்டு. எண்ணியின் மதிப்பும் வேறு சில விவரங்களும் சேர்ந்த 32 பிட்டுகள், 528 சுற்றுகளில் கலைக்கப்படுகின்றன. கூடவே ரிமோட்டின் தொடர் எண் வெளிப்படையாகவே செல்கிறது.

பெறுகருவியும் அதே சாவியால் செய்தியைப் பிரித்து, எண்ணியைத் தன் கணக்கோடு ஒப்பிடுகிறது. பின்தங்கிய எண் என்றால் நிராகரிப்பு. ஆனால் கார் எங்கோ நிற்க, சட்டைப்பையில் இருக்கும் ரிமோட் தானாக அழுந்துவதும், குழந்தைகள் அதை அழுத்தி விளையாடுவதும் உண்டே! அதனால் வழக்கமாக 16 எண்கள் வரை முன்னே போயிருந்தால் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். அதற்கும் அப்பால் போயிருந்தால், அடுத்தடுத்து இரண்டு அழுத்தல்கள் கேட்கும். பூட்டு முதல் தடவை திறக்காமல் இரண்டாம் தடவை திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீலாக்கின் கணிதத்தில் 2007 முதல் ஆய்வாளர்கள் ஓட்டைகளைக் கண்டார்கள். நடைமுறையில் அதைச் சாய்த்தது வேறொன்று. பல அமைப்புகளில் ஒவ்வொரு ரிமோட்டின் சாவியும் தயாரிப்பாளரின் ஒரே தலைமைச் சாவியிலிருந்து பிறக்கிறது. அந்தத் தலைமைச் சாவி ஒவ்வொரு பெறுகருவிக்குள்ளும் இருக்கிறது. ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகக் குழு 2008இல், சிப் மின்சாரம் இழுக்கும் ஏற்ற இறக்கத்தை அளந்தே அதை வெளியே எடுத்தது. பிறகு, இரண்டு செய்திகளை ஒட்டுக்கேட்டாலே அந்தத் தயாரிப்பாளரின் ரிமோட்டைப் படியெடுக்க முடிந்தது. இதைக் கணிதத்தின் தோல்வி என்பதைவிடச் சாவி நிர்வாகத்தின் தோல்வி என்பதே பொருத்தம்.

மறையாக்கத்தைத் தொடாமலே ஏய்க்கும் வழியும் இருக்கிறது. காம்கார் 2015இல் காட்டிய ரோல்ஜாம் கருவி, முதல் அழுத்தலைப் பெறுகருவிக்குப் போகவிடாமல் இரைச்சலால் தடுத்துத் தான் பதிவுசெய்துகொள்ளும். உரிமையாளர் மீண்டும் அழுத்துவார். அதையும் பிடித்துக்கொண்டு, முதல் எண்ணை அனுப்பிக் காரைத் திறந்துவிடும். சந்தேகமே எழாது; பயன்படாத இரண்டாம் எண் திருடனிடம் தங்கிவிடும். எண்ணுக்குக் காலாவதி இல்லாததுதான் இங்கே குறை. பெறுகருவி புதிய கேள்வி அனுப்ப, ரிமோட் அதற்குரிய விடையைத் தரும் இருவழி முறையில் சேமித்து வைத்த எண் உதவாது.

வீட்டு அலாரங்களின் நிலை இன்னும் பின்தங்கியது. மலிவான பெட்டிகளோடு வரும் ரிமோட்டுகளிலும் கதவு உணரிகளிலும் ஈவி1527 வகைச் சிப்புகள் இன்றும் காணப்படுகின்றன. அவற்றின் 20 பிட் அடையாள எண் தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுவது. பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட எண்களில் ஒன்று. அது மாறுவதில்லை. அலாரத்தை அணைக்கும் பொத்தானின் அலையை ஒருமுறை பதிவுசெய்துவிட்டால் போதும், எப்போது வேண்டுமானாலும் அதை அணைக்கலாம்.