சுருக்குக் கம்பி எதற்குச் சாட்சி? லுவாங்வா ரோந்துப் பதிவேடுகள்: ஒரு மறுவாசிப்பு

சாம்பியாவின் லுவாங்வாப் பள்ளத்தாக்கில் 1980களின் இறுதியில் தொடங்கிய மக்கள் பங்கேற்புத் திட்டங்கள் கள்ள வேட்டையைத் தடுக்கத் தவறிவிட்டன என்ற முடிவு, பெரும்பாலும் ஒரு சான்றின் மேல்தான் நிற்கிறது. காவலர்கள் கைப்பற்றியவற்றில் துப்பாக்கிகள் குறைந்தன, சுருக்குக் கம்பிகள் கூடின. உள்ளூர் வேட்டைக்காரர்களிடம் கேட்டபோது அவர்களும் அதையே சொன்னார்கள். இதை வைத்து முந்தைய ஆய்வு மரபு வந்தடைந்த இடம் இது: வேட்டை நிற்கவில்லை, கருவிதான் மாறியது, பள்ளிக்கூடமும் மருந்தகமும் கட்டிக் கொடுத்ததால் எந்த வேட்டைக்காரரும் மனம் மாறிவிடவில்லை.

இம்முடிவின் முற்பாதியோடு எனக்குப் பிணக்கில்லை. பிற்பாதிதான் சிக்கல். திட்டத்தின் தோல்வியைக் காட்டுவதாகச் சொல்லப்படும் பதிவேட்டு வரிகளைச் சற்றுப் பொறுமையாக வாசித்தால், அவையே திட்டம் எங்கே வேலை செய்தது என்பதையும் காட்டுகின்றன என்பது என் வாதம். இதை நிறுவிவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் இதுவரை சொல்லப்பட்ட வாசிப்பைவிட இது சான்றோடு நன்றாகப் பொருந்துகிறது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

முதலில் பதிவேடு எதை எண்ணுகிறது என்று பார்ப்போம். காட்டில் நடந்தவற்றுள் காவலர் கண்ணில் பட்டது மட்டுமே அதில் ஏறும். இத்துறையில் எல்லோரும் அறிந்த செய்திதான் இது; அதனால்தான் கைப்பற்றியவற்றின் எண்ணிக்கையை ரோந்து நாள்களால் வகுத்துக்கொள்கிறோம். அந்த வகுத்தல் துப்பாக்கிக்கு ஓரளவு ஒத்துவருகிறது. துப்பாக்கிக்கு ஓர் ஆள் உண்டு. அது வெடிக்கும், வெடித்தால் சுமக்க ஆள் வரும், இறைச்சி காயவைக்கப் புகை எழும், பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கும். நாட்டுத் துப்பாக்கியாக இருந்தாலும் வெளியிலிருந்து வந்த கும்பலின் தானியங்கித் துப்பாக்கியாக இருந்தாலும், பதிவேட்டில் ஏறும் ஒரு துப்பாக்கிக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு வேட்டைக்காரர் இருக்கிறார்.

சுருக்குக் கம்பிக்கு ஆள் கிடையாது. விலங்குகள் தண்ணீருக்கு இறங்கும் தடத்தில், புதர் நெருங்கிய இடமாகப் பார்த்து, ஒருவரே ஒரு மாலைக்குள் பல சுருக்குகளை வரிசையாகக் கட்டிவிட முடியும். ரோந்து அந்த வரிசையைக் கண்டால் அத்தனையும் ஒரே நாளில் பதிவேட்டில் ஏறும். பத்தடி தள்ளி நடந்தால் ஒன்றும் ஏறாது. இருபது சுருக்குகள் இருபது பேரைக் குறிக்கலாம், ஒருவரையும் குறிக்கலாம். துப்பாக்கிக்கும் சுருக்குக்கும் தனித்தனிப் பத்தி போட்டு, ஒன்று இறங்கி மற்றது ஏறுவதை ஒரே தராசின் இரண்டு தட்டுகளாகக் காட்டுவது இந்த அளவில் தவறு.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கம்பி மக்காது. கட்டியவர் மறந்துபோன, கைவிட்டுப்போன சுருக்கும் காட்டில் பல பருவங்கள் அப்படியே கிடக்கும், விலங்கைப் பிடிக்கவும் செய்யும். பதிவேட்டிலோ அது கண்டெடுத்த நாளின் குற்றமாகவே பதியும். ஆகவே, பல ஆண்டுகளாக யாரும் சுருக்குத் தேடி நடக்காத நிலத்தில் முதன்முறையாக ஒருவர் தேடி நடக்கும்போது, அதுவரை குவிந்து கிடந்ததெல்லாம் ஒரே ஆண்டின் கணக்கில் சேர்ந்துவிடும். ஏற்றம் என்று நாம் வாசிப்பது பழைய இருப்பின் அறுவடையாகவும் இருக்கலாம்.

அப்படி முதன்முறையாக நடந்தவர்கள் யார்? கட்டண வேட்டையின் வருவாயை ஊரோடு பங்கிட்ட அட்மேட் திட்டம் 1988இல் தொடங்கியதிலிருந்து, நியமலூமாவில் பயிற்சி பெற்ற ஊர்க் காவலர்கள் தத்தம் தலைவரின் நிலப்பகுதியில் ரோந்து போனார்கள். அவர்களுக்கு முன்பு இருந்த அரசுக் காவலர்கள் மிகச் சிலர். அவர்களுடைய நீண்ட ரோந்துகள் பூங்காவின் உட்பகுதியில் யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் வந்த கும்பல்களைத் தேடிப் போனவை. ஊர்க் காவலரோ ஊரை ஒட்டிய வேட்டை மேலாண்மைப் பகுதியில் நடந்தார். எந்த ஓடையோரம் யார் தாத்தா காலத்திலிருந்து கண்ணி வைத்துவருகிறார் என்பது அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பார்க்கும் கண்ணும் மாறியது, பார்க்கும் நிலமும் மாறியது. சுருக்கு கூடுதலாகக் கண்ணில் பட்டதை, சுருக்கு கூடுதலாக வைக்கப்பட்டதற்கு நிகராக வைக்க இடமில்லை. திட்டத்தை அளக்கும் கோலையே திட்டம் மாற்றிவிட்டது. மாறிய கோலால் அளந்த கணக்கைக் கொண்டு திட்டத்தின் மேல் தீர்ப்பு எழுதப்பட்டது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். பதிவேட்டை விட்டுவிடுங்கள், வேட்டைக்காரர்களே சொன்னார்களே? துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சுருக்குக்கு மாறியதாக, எருமையை விட்டுச் சிறு விலங்குக்கு மாறியதாக, ஊருக்குப் பக்கத்திலேயே வேட்டையாடத் தொடங்கியதாக அவர்கள் வாயாலேயே சொன்னார்களே?

சொன்னார்கள். அதை நான் முழுமையாக ஏற்கிறேன். என் வாதத்தின் உயிரே அந்த வாய்மொழியில்தான் இருக்கிறது. துப்பாக்கியை ஏன் விட்டார்கள்? சத்தம் கேட்கும் என்பதால். யாருக்குக் கேட்கும்? 1980களின் தொடக்கத்திலும் வெடிச் சத்தம் ஊருக்குக் கேட்கத்தான் செய்தது. அப்போது கேட்டவர் வாய் திறக்க எந்தக் காரணமும் இல்லை. சொல்வதற்கு அருகில் ஆளும் இல்லை. கேட்டவர் சொல்லக்கூடும், சொன்னால் நடந்து வரும் தூரத்தில் ஒருவர் இருக்கிறார் என்ற நிலைதான் புதிது. சுருக்கு சத்தமில்லாத கருவி. அரசுக் காவலரிடமிருந்து மட்டும் தப்ப நினைப்பவர், காவலர் அரிதாகவே வரும் நிலத்தில், இத்தனை பாடுபட்டுச் சத்தத்தை ஒளிக்க வேண்டியதில்லை. அவர் அண்டை வீட்டாரிடமிருந்து ஒளிந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஊர்க் காவலரே ஊரில் குடியிருந்ததால் அவருடைய காதிலேயே சத்தம் விழுந்திருக்கலாம், அண்டை வீட்டாருக்கு இதில் பங்கில்லை என்று ஒருவர் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் அந்தக் காவலர் யார் வீட்டுப் பிள்ளை, யார் பணத்தில் சம்பளம் வாங்கினார் என்று கேட்டால் இந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது.

முந்தைய மரபின் கோட்பாட்டுப் பிழையும் இங்கேதான் தெரிகிறது. பள்ளியும் மருந்தகமும் எல்லோருக்கும் பொதுவானவை. வேட்டையை விட்டவருக்கும் விடாதவருக்கும் கதவு ஒன்றாகவே திறக்கும். எனவே அவை வேட்டைக்காரரைத் தடுக்கா என்பது அவ்வாதம். வேட்டைக்காரரை மட்டும் கணக்கில் எடுத்தால் இதில் ஓட்டை இல்லை. ஆனால் ஊரில் வேட்டைக்குப் போகாதவர்களே பெரும்பான்மை. அவர்களில் எத்தனை பேர் மௌனம் காத்தார்கள், எத்தனை பேர் காக்கவில்லை என்பதில்தான் யானையின் உயிர் இருந்தது. வெளியிலிருந்து தந்தத்துக்கு வந்த கும்பலுக்கு வழிகாட்டியும் சுமைகூலியும் உணவும் பள்ளத்தாக்கிலேயே கிடைக்க வேண்டியிருந்தன. வேட்டைக்காரர் திருந்தினாரா என்று கேட்ட ஆய்வு, அடுத்த வீட்டுக்காரர் மாறினாரா என்று கேட்கவே இல்லை.

இனி எதிர்முனையில் நிற்கும் மரபு. 1979 முதல் 1985 வரையிலான ரோந்துகளை ஆராய்ந்தவர்கள், காவலர்கள் மிகச் சிலரே இருந்தனர், பயனளவில் 400 சதுர கிலோமீட்டருக்கு ஒருவர், யானைகள் குறையாமலிருக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒருவர் வேண்டும் என்று காட்டினர். சிறந்த ஆய்வு அது. அதை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து, காவலே தீர்வு, மக்கள் நலப் பணிகள் பக்கச் செலவு என்று பிறர் எடுத்த முடிவைத்தான் மறுக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். தென் லுவாங்வா தேசியப் பூங்காவின் பரப்பு 9,050 சதுர கிலோமீட்டர். அந்த ஒரு பூங்காவுக்கே 450 பேர் வேண்டும். தாமிர விலை சரிந்து கடனில் மூழ்கியிருந்த 1980களின் சாம்பிய அரசு அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்திருக்க முடியாது. ஆள் கிடைக்கக்கூடிய இடம் ஒன்றுதான், அது கிராமம்.

அட்மேட்டின் பங்கீட்டைப் பாருங்கள்: வேட்டை வருவாயில் 40 விழுக்காடு அப்பகுதியின் வன உயிர் மேலாண்மைக்கு, அதாவது பெருமளவு ஊர்க் காவலர்களுக்கு, 35 விழுக்காடு ஊர்ப் பணிகளுக்கு. பிற்காலத்தில் சமூக வள வாரியங்கள் வந்தபோதும் வாரியத்துக்குக் கிடைத்த தொகையில் 45 விழுக்காடு காவலுக்கு, 35 ஊர்ப் பணிகளுக்கு, 20 நிர்வாகத்துக்கு என்பதே விதி. காவலும் மக்கள் பங்கேற்பும் இரண்டு வேறு கொள்கைகள் என்று நாம் இத்தனை காலம் வழக்காடியிருக்கிறோம். ஆனால் காவலரின் சம்பளமே ஊரின் பங்கிலிருந்து போயிருக்கிறது. கணக்குப் புத்தகத்தின் இரண்டு பத்திகளை இரண்டு கொள்கைகளாக எடுத்துக்கொண்டதன் விளைவு இது. 1988 முதல் 1995 வரை மத்திய லுவாங்வாவில் கொல்லப்பட்ட யானைகளை ஆராய்ந்த பணியும் ரோந்தோடு நிற்காமல் ஊக்கத்தொகைக்கும் தகவல்வழி விசாரணைக்கும் முக்கிய இடம் தந்தது. அது வழக்கமாகக் காவல் தரப்புச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. தகவல் எங்கிருந்து வந்தது என்று கேட்பாரில்லை.

யானை வேட்டை தணிந்ததற்கு 1989இல் லௌசானில் சைட்டிஸ் மாநாடு கொண்டுவந்த தந்த வணிகத் தடையே காரணம் என்ற வாதத்தை நீண்ட நேரம் விவாதிக்கத் தேவையில்லை. தடை எல்லாப் பள்ளத்தாக்குக்கும் ஒன்றுதான். விளைவு பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறுபட்டது. கட்டண வேட்டையின் அறம் பற்றிய கேள்வியையும் இங்கே எடுக்கவில்லை. அது வேறு கட்டுரைக்கு உரியது.

காண்டாமிருகத்தை மட்டும் அப்படி ஒதுக்க முடியாது. பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கில் இருந்த கரும் காண்டாமிருகம், 1998இல் சாம்பியாவிலேயே அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அட்மேட்டும், அண்டையில் நோர்வே உதவியோடு நடந்த லுவாங்வா ஒருங்கிணைந்த வள மேம்பாட்டுத் திட்டமும் அதைக் காப்பாற்றவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஊருக்குப் பங்கு போய்ச் சேரத் தொடங்கியபோது காப்பாற்றுவதற்கு ஏறக்குறைய எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. 2003 முதல் 2010 வரை 25 கரும் காண்டாமிருகங்கள் வட லுவாங்வாப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே கிடைத்த வெற்றியைக் காவலின் வெற்றி என்று மட்டும் சொல்வோர், அப்பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களோடு நடந்த வேலையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேசட்டும்.

சுருக்கை நான் இலேசாக எடுத்துக்கொள்கிறேன் என்று யாரும் கருத வேண்டாம். இம்பாலாவுக்கும் பூக்கு மானுக்கும் வைத்த கம்பி சிங்கத்தின் கழுத்திலும் காட்டு நாயின் இடுப்பிலும் இறுகுகிறது. யானைக்குட்டியின் துதிக்கையை அறுக்கிறது. அந்தக் கம்பியை அறுத்தெடுக்க மருத்துவர்கள் இன்றும் பள்ளத்தாக்கின் முஃபுவே ஊரைச் சுற்றி அலைகிறார்கள். ஆயினும் 1983இல், தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இத்திட்டங்களை வகுத்தவர்கள் முன்னிருந்த கேள்வி யானையும் காண்டாமிருகமும்தான். 1970களில் ஏறத்தாழ 1,00,000 என்று மதிப்பிடப்பட்ட யானைகள் 1980களின் இறுதியில் 15,000 அளவுக்கு இறங்கியிருந்தன. துப்பாக்கியிலிருந்து சுருக்குக்கு மாறியது சிறு விலங்குகளுக்குத் தீங்கு. யானை இனத்துக்கு அது மூச்சுவிடும் இடைவெளி. இரண்டையும் ஒரே சொல்லில், தோல்வி என்றோ வெற்றி என்றோ, அடக்க முடியாது.

என் வாசிப்பைச் சோதிக்க ஓர் இடம் இருக்கிறது. லுபாண்டே வேட்டை மேலாண்மைப் பகுதியில் தலைவர்கள் அறுவரின் கீழ் வாழும் குந்தா மக்களுக்கு முதலில் வருவாய்ப் பங்கு தலைவர்கள் வழியாகவே போனது. 1996இல் அது மாறி, 80 விழுக்காடு ஊர்ச் செயற்குழுக்களுக்கே நேராகப் போய், ஊர்க்கூட்டத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று பணமாகவே எண்ணிக் கொடுக்கப்பட்டது. பின்னர் சாம்பிய வன உயிர் ஆணையம் வந்தபோது இந்த ஏற்பாடு கலைந்தது: விலங்கு உரிமக் கட்டணத்தில் வாரியத்துக்கு 45, தலைவருக்கு 5, குத்தகைக் கட்டணத்தில் இரு தரப்புக்கும் சேர்த்து 20 விழுக்காடு மட்டும்.

கையில் எண்ணி வாங்கிய பணம் நின்ற பிறகு வாய்கள் மூடியிருக்க வேண்டும். நான் சொல்வது சரியென்றால், அது சுருக்குப் பத்தியில் தெரியாது. ஓரிரு ஆண்டுகள் கழித்து, வானிலிருந்து எண்ணும் கணக்கெடுப்பில், உயிருள்ள யானைகளுக்கு எதிரே தந்தம் வெட்டப்பட்ட புதிய உடல்களின் விகிதமாகத் தெரிய வேண்டும். 2008ஐ ஒட்டித் தந்த விலை மீண்டும் ஏறியதால் இரண்டு விளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அவற்றைப் பிரிக்க, பங்கு குறைந்த லுபாண்டேயையும், 80 விழுக்காட்டை ஒருபோதும் பெற்றிராத முன்யமட்சி வேட்டை மேலாண்மைப் பகுதியையும் ஆண்டுவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ண வேண்டும்.